சிவப்புப் பக்கத்துக் கயிறு

அன்புத் தம்பி சீப்புக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கிற கண்ணாடிக் கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீ போனை அணைத்து வைத்தால் எனக்குச் சேதி வராது என்று நினைத்தாயாக்கும். அவர் போனை உன்னால் அணைக்க முடியாதே.

நாள் முழுக்கக் குப்புறப் படுத்தே கிடக்கிறாயாம். தட்டை வைத்தால் சாப்பிடுகிறாயாம், வைக்காவிட்டால் கேட்பதும் இல்லையாம். எத்தனை தரம் கூப்பிட்டாலும் ஒரே ஒரு ‘ம்’தான், அதுவும் தலையணைக்குள்ளேயே போயிருதுக்கா என்று பாவம் அந்த மனுஷர் புலம்புகிறார். தாடி வேறு கழுத்தை மறைத்துவிட்டதாம். ஊரில் உள்ள தாடியையெல்லாம் எடுத்தவன் முகத்தில் இப்போது குருவி வாடகைக்குக் குடிவரலாம் என்கிறார்.

பைக்கிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, கை பழையபடி வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தானே நின்றேன். சலூன் கடைக்குத் திரும்பின அன்றைக்கு முதல் ஆளுக்கு வெட்டும்போதே உன் கை நடுங்கி, கத்தரி அவர் காது நுனியைக் கிள்ளிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். அவரே பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, பரவாயில்ல தம்பி, இன்னொரு காது இருக்குல்ல என்றாராம். காதைக் கொடுத்தவருக்கு இருக்கிற தைரியம் கத்தரியைப் பிடித்தவனுக்கு இல்லாமல் போனதே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

உன் முதலாளியோடும் பேசினேன். உன் நாற்காலியில் இன்னும் வேறு ஆளை நிறுத்தவில்லையாம், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாராம். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிறபோது பிள்ளைகள் கூட்டமாக முடிவெட்ட வரும், அதுக்குள்ள அவன் வரலேன்னா எனக்கு வேற வழி இல்லம்மா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வருகிற வாரம் நானே கிளம்பி வருகிறேன். உன் கையைப் பிடித்து அந்த நாற்காலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தாமல் திரும்ப மாட்டேன். என் கை எப்படிப்பட்ட கை என்று உனக்குத் தெரியும். பெரிய கட்டில் விரிப்பை மெஷினில் போடாமலே சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து காட்டுவேன்.

இங்கே நான் சலவை வேலை பார்க்கிற விடுதியில் இப்போது ஆள் குறைச்சல், காற்றுதான் ஜாஸ்தி. மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப் போட்டால் எல்லாக் கொடியும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கும். நான் நடுவில் நிற்பேன். வெள்ளையாக ஒரு பக்கம் வரும், போகும், மறுபடி வரும். கொஞ்ச நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிடும். எத்தனையோ பேர் தூங்கின தூக்கத்தைத் துவைத்துக் காயப் போடுகிறவள் இல்லையா, அதனாலோ என்னவோ எனக்கும் நின்றபடியே கண் சொருகும். சுருக்கத்தைப் பார்த்தே யார் நிம்மதியாகத் தூங்கினார், யார் விடிய விடியப் புரண்டார் என்று சொல்லிவிடுவேன். உன் விரிப்பில் நெஞ்சு அழுத்தின பள்ளம் ஒன்றுதான் இருக்கும், வேறு சுருக்கமே இருக்காது.

ஒரு வேடிக்கை கேள். விடுதிக்குப் பின்னால் இருக்கிற உப்புத் தண்ணீர் ஏரியில் பட்டச் சவாரி சொல்லித் தருகிறார்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மேலே அறை அகலத்துக்கு ஒரு துணிப் பட்டம், கீழே காலில் ஒரு பலகை, நடுவில் ஒரு மனிதர். பட்டம் இழுக்கும், மனிதர் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே போவார். சொல்லித் தருகிறவள் ஒரு சின்ன வயதுப் பெண். வாயைத் திறந்து பேச மாட்டாள், கழுத்தில் தொங்குகிற விசில்தான் அவளுக்கு வாய். அதனால் எல்லோருக்கும் அவள் பெயரே விசில். உப்பு ஏறின பட்டங்களை அலசித் தரச் சொல்லி என்னிடம் கொண்டு வருவாள். போன வாரம் நான் சும்மா இருக்காமல், ஒரு விரிப்பு, நாலு கயிறு, இதுக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று சீண்டிவிட்டேன். அவள் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். அப்ப நாளைக்கு வாங்கக்கா, விரிப்பைப் பறக்க விடலாம் என்றாள். ஆள் இல்லாத மாதங்களில் வேலைக்காரர்களும் கற்றுக்கொள்ளலாம் என்று மேனேஜர் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஆக மாட்டிக்கொண்டேன். உன் மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான் இறங்கினால் ஏரி மட்டம் ஏறும், கரையில் இருக்கிறவர்கள் சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் பஸ் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே மெக்கானிக் வேலையை விட இந்த வேலையைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறார்.

உன் வேலைப் பையைத் தயாராக எடுத்து வை. வைக்காவிட்டாலும் நான் வந்து வைப்பேன்.

உன்னை விட மாட்டாத,
அக்கா

*

தம்பி சீப்புக்கு,

நேரில் பார்த்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று நினைக்காதே. நேரில் நாம் எங்கே பேசினோம்? நான் பேசினேன், நீ வந்தாய்.

போர்வையை உருவினேன், எழுந்து உட்கார்ந்தாய். முகத்தைக் கழுவிவிட்டேன், காட்டினாய். கத்தரி, சீப்பு, மேல்துணி எல்லாவற்றையும் வேலைப் பையில் திணித்து ஒரு கையில் பை, இன்னொரு கையில் நீ என்று படி இறக்கினேன். பஸ்ஸில் உன்னை நடைவழி ஓரமாக உட்கார வைத்து எனக்கு அப்படி ஒரு பெருமை. கண்டக்டரைக் கூப்பிட்டு, என் தம்பி, முடி வெட்டினா சினிமாக்காரன் மாதிரி ஆக்கிடுவான், நீங்களும் ஒரு தரம் வாங்க என்று வேறு சொன்னேன். அந்தாளும் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பை மட்டும் இருக்கிறது. கடைக்கு முந்தின திருப்பத்தில் வண்டி மெதுவாகப் போனபோது பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாய். நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது பையின் வாரை.

எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன். ஜன்னலில் கடைகள், மரங்கள், மனிதர்கள் எல்லாம் தண்ணீருக்குள்ளே போகிற மாதிரி மெதுவாகப் போயின. கண்டக்டர் வந்து, தம்பி எங்கம்மா என்று கேட்டார். முன்னாடியே போயிட்டான், வேலை இருக்கு என்றேன்.

பை இப்போது என் பீரோவில் இருக்கிறது. கத்தரியைப் பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருக்கிறேன். துரு ஏறாது, கவலைப்படாதே.

இந்தப் பட்டக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் ஒரு அகலப் பட்டையைக் கட்டி, அதில் ஒரு கொக்கி. கையில் ஒரு கட்டை. கட்டையிலிருந்து நாலு கயிறு பட்டத்துக்குப் போகிறது. கட்டையை வயிற்றுப் பக்கம் இழுத்தால் பட்டம் பலமாக இழுக்கும், தள்ளிவிட்டால் சாந்தமாகிவிடும். பலகையெல்லாம் எனக்கு இன்னும் தரவில்லை. மார்பளவுத் தண்ணீரில் நின்று பட்டத்தை ஆட்டுவதுதான் இப்போதைக்குப் பாடம். பறக்க விடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. விழுந்தால் எழுப்புவதுதான் காரியம்.

பட்டத்தின் முன்பக்கத்தில் காற்றடைத்த ஒரு நீளக் குழாய் இருக்கிறது. அதனால் மூழ்காது. ஆனால் விழுந்தால் அந்த மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு குப்புறக் கிடக்கும். ஈரத்துணி தண்ணீரோடு எப்படி ஒட்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, விரிப்பைப் பிழிகிற மாதிரி வயிற்றோடு சேர்த்து இழுப்பேன். அது இன்னும் நன்றாகப் படுத்துக்கொள்ளும். மறுபடி இழுப்பேன். கரையிலிருந்து விசில் ஊதி ஊதி அவள் கன்னம் வீங்கிவிட்டது. ஒரு நீள விசில் அடித்தால் ‘விடு’ என்று அர்த்தம். என் காதுக்கு அது ‘இழு’ என்றே கேட்கிறது.

ஆபீஸில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற விருந்தாளிகள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்களாம். கையில் வலு இல்லை, சோர்ந்து போய் விட்டுவிடுகிறார்கள், பட்டம் எழுந்துவிடுகிறது. என் விஷயம் வேறாம். நீங்க ஏரியையே பிழியறீங்கக்கா என்கிறாள். கடைசியில் படகை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் பட்டத்தையும் ஏற்றிக்கொண்டு போவாள். வலையில் சிக்கின மீன் மாதிரி கரைக்கு வந்து சேருவேன்.

உன் மாமா லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். வெயிலுக்குக் குடை. கரையில் நின்றுகொண்டு இடது பக்கம், இடது பக்கம் என்று பஸ்ஸைப் பின்னால் எடுக்க வழி சொல்கிற மாதிரி கத்திக்கொண்டே இருந்தார். ஒரு காற்று வந்தது. குடை உள்வெளியாகத் திரும்பி, கையை விட்டுக் கிளம்பி, என் தலைக்கு மேலே போய், குப்புறக் கிடந்த என் பட்டத்தையும் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. விசில் அதைப் பார்த்துவிட்டு, உங்க வீட்டில அவர்தான் நல்லா பறக்க விடறார்க்கா என்றாள். அன்றைக்கு முழுக்க மாமா என்னோடு பேசவில்லை. குடைமேல் கோபம், என்னிடம் காட்டினார்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் கிட்ட வந்துகொண்டிருக்கிறது. அது உனக்கும் தெரியும். என் மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள். சாப்பாட்டின் மேல் காட்டாதே.

பையோடு திரும்பி வந்த,
அக்கா

*

என் செல்லத் தம்பி சீப்புக்கு,

இந்தக் கடிதத்தோடு உறைக்குள் ஒரு சாமான் வைத்திருக்கிறேன். முதலில் அதைக் கையால் தொடாதே. கடிதத்தைப் படி.

நேற்று மாலை நான் தண்ணீரில் இருந்தேன், உன் மாமா மறுபடி கரையில். வேறு ஒரு விருந்தாளி ஏரியின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டதால் விசில் படகோடு அங்கே போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து என் பட்டம் விழுந்தது. வழக்கம் போல மூக்கைப் புதைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டது. நானும் வழக்கம் போல இழுத்தேன். இழுத்து இழுத்து, சொன்னால் நம்ப மாட்டாய், என் கை ஓய்ந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கட்டை தானாகக் கையை விட்டு நழுவி முன்னால் போனது. இடுப்புக் கொக்கியில் கயிறு இருந்ததால் எங்கேயும் போய்விடவில்லை, சும்மா முன்னால் மிதந்தது.

மிதவைச் சட்டை தாங்கிக்கொள்ள அப்படியே மல்லாந்து கிடந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. கரையில் உன் மாமா கத்துவது நின்றது, காற்று நின்றது, என் மூச்சு மட்டும் பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரிக் கேட்டது. மேலே ஒரு மேகம். அது நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று தெரியவில்லை. தண்ணீர் கழுத்துப் பக்கம் வெதுவெதுப்பாகவும் கால் பக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு வயதே இல்லை. துவைக்க வேண்டிய விரிப்பு ஒன்றும் பாக்கி இல்லை. துவைத்த விரிப்பெல்லாம் கொடியை விட்டுக் கிளம்பி ஒன்றன்பின் ஒன்றாக ஏரிமேல் போவது மாதிரி ஒரு நினைப்பு. கூப்பிட்டால் திரும்பி வருமோ என்னவோ, கூப்பிடத் தோன்றவில்லை.

தலையைக் கொஞ்சம் தூக்கிப் பட்டத்தைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம். தூரத்தில் கிடந்தது. சின்ன அலை வரும்போதெல்லாம் அதன் முதுகு லேசாக ஏறி இறங்கியது. அது செத்துக் கிடக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் இழுக்காமல் இருந்ததால் காற்று அதை மெல்லத் தள்ளிக்கொண்டு போக, தொளதொளத்துக் கிடந்த கயிறு தானாகவே நேரானது.

துவைக்கிற தொட்டியில் விரிப்பு ஒட்டிக்கொண்டால் நடுவில் பிடித்துத் தூக்க மாட்டோம். தூக்கினால் தொட்டித் தண்ணீர் முழுவதும் சேர்ந்து வரும். ஒரு மூலையைத்தான் விரலால் கிள்ளி எடுப்போம், அடியில் காற்று போக இடம் கொடுப்போம். இது எனக்குக் கைப்பழக்கம், ஆனால் தண்ணீரில் இறங்கினதும் மறந்துபோயிருந்தது. கட்டையின் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். சிவப்புப் பக்கத்துக் கயிற்றை மட்டும் இரண்டு விரலால் பிடித்தேன். இழுத்தேன் என்று சொல்ல முடியாது. தூங்குகிற பிள்ளையின் சட்டை நுனியைப் பிடிக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. பிடித்துக்கொண்டே கிடந்தேன். மேகம் போய் வேறு மேகம் வந்தது. அப்புறம் பட்டத்தின் ஒரு கோடி கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கிற்று. மறு கோடி மெதுவாக மேலே வந்தது, அதிலிருந்து தண்ணீர் சரம் சரமாக வடிந்தது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, எழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள் மாதிரி நின்றது. அந்த நேரத்தில் எனக்கு இரண்டு கையும் பரபரத்தது பார். ஒரே இழுப்பில் முடித்துவிடலாம் என்று உடம்பெல்லாம் சொல்கிறது. கரையில் உன் மாமா இழு, இழு என்று குதிக்கிறார். தூரத்துப் படகிலிருந்து ஒரே ஒரு நீள விசில் வந்தது. இந்தத் தடவை அது என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்டது.

இரண்டு விரலோடு நிறுத்திக்கொண்டேன். பட்டம் நின்ற வாக்கிலேயே தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓரமாகப் போனது, போய் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து ஈரத்தை உதறியது, எழுந்துவிட்டது. நான் எழுப்பவில்லை. மேலே போய் நின்று என்னைப் பார்த்தது. அதன் நிழல் என் முகத்தில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, உப்பாகத்தான் இருந்தது, ஏரித் தண்ணீராக இருக்கும்.

தண்ணீரில் கிடந்தபோது உன்னை நினைத்தேன் என்று கனவு காணாதே. எனக்கு வேறு வேலை இல்லையா.

இன்று காலையில் கண்ணாடிக் கடைக்காரர் போன் செய்தார். என் போன கடிதத்தை நீ இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்துவிட்டு முந்தாநாள்தான் பிரித்தாயாம். படிக்கும்போது கட்டில் ஆடியதாம். அவர் நீ அழுகிறாய் என்று பயந்து தண்ணீர் கொண்டு வந்தாராம். பார்த்தால் சிரிப்பாம், குடை பறந்த இடமாம். அப்புறம் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அந்தக் குடை புதுசா பழசா என்று அவரிடம் கேட்டாயாம். அக்கா, பேசிட்டான்க்கா என்று அவர் குரலே மாறிப்போய்ச் சொன்னார். புதுசுடா. மாமா ஆசைப்பட்டு வாங்கினது. அதனால்தான் அவ்வளவு கோபம். இன்னும் அக்கரையில்தான் எங்கேயோ கிடக்கிறது.

உன் முதலாளியிடம் இனி நான் பேசப் போவதில்லை. நாற்காலி அவருடையது, கை உன்னுடையது. பள்ளிக்கூடம் திறக்கட்டும், வேறு ஆள் வந்தால் வரட்டும். உலகத்தில் நாற்காலிக்கா பஞ்சம்.

எனக்கு இப்போது இருக்கிற ஒரே பிரச்சினை என் தலைதான். தினமும் உப்புத் தண்ணீரில் ஊறி முடியெல்லாம் கயிறு திரித்த மாதிரி ஆகிவிட்டது. விரல் போக வழியில்லை. விசில் வெட்டிவிடட்டுமா என்று கேட்டாள். சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் என் நெற்றி முடியைக் கோணலாக வெட்டிவிட்டாயே, அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தத் தலையைக் கெடுக்கிற உரிமை ஒருத்தனுக்குத்தான் என்று. அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உறைக்குள் இருப்பது உன் சீப்பு. கத்தரி இங்கேயே பீரோவில் கிடக்கட்டும், நான் கொண்டு வர மாட்டேன். சீப்பு காதில் பட்டால் ரத்தம் வராது. பட்டால்தான் என்ன, எனக்கும் இரண்டு காது இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் தட்ட மாட்டேன், உள்ளே வர மாட்டேன். உன் அறைக்கு வெளியே மாடிப் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, முடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். உனக்கு வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டால் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன், அதற்கு அடுத்த ஞாயிறு வருவேன். சிக்கு நிறைய இருக்கிறது. அவசரமே இல்லை.

எங்கே கிடந்தாலும் நல்லா இரு, என் சாமி.

தலைவிரிகோலமாக,
உன் அக்கா